பீரோ கண்ணாடி முன் நிற்கும் மகள்: மந்திரக் கதையை நிறுத்த வேண்டுமா?

ஒரு தாயிடமிருந்து வந்த நீண்ட கடிதம் இது. ஊர், பெயர் எல்லாவற்றையும் தவிர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. ஆங்கிலம் தடையில்லாமல் படிப்பாள். பிறந்தநாளுக்கு அவளுடைய அப்பா ஹாரி பாட்டர் நாவல் வரிசையின் ஏழு புத்தகங்களையும் ஒரே பெட்டியாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். கோடை விடுமுறையில் தொடங்கி மூன்று புத்தகங்களை முடித்துவிட்டாள். இப்போது நான்காவதைக் கேட்டு நச்சரிக்கிறாள். ஆனால் சில வாரங்களாகத் தனியாகப் படுக்க மறுக்கிறாள். முதல் புத்தகத்தில் "கண்ணாடி வருமே, அந்த இடத்தை" மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். இரண்டு முறை நடு ராத்திரியில் எழுந்து பீரோ கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறாள். ஏன் என்று கேட்டால் "சும்மா" என்கிறாள்.

மாமியார், "சூனியப் புத்தகத்தை வீட்டுக்குள் விட்டால் இப்படித்தான் ஆகும், மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும்" என்கிறார். வெளியூரில் வேலை பார்க்கும் கணவர், "படிக்கிற பிள்ளையைத் தடுக்காதே" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். வகுப்பு ஆசிரியை, மகள் பள்ளிக்கு எடுத்துப்போன மூன்றாவது புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "இதெல்லாம் தடை செய்த புத்தகம்" என்றாராம். கடிதம் எழுதிய தாய் இவற்றில் எதையும் படித்ததில்லை. இந்தப் புத்தகம் என் மகளுக்கு ஏற்றதா, எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிடட்டுமா, புத்தகத்துக்குப் பதிலாகப் படத்தைப் போட்டுக் காட்டலாமா, பள்ளி இப்படி வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். நடுவில் ஒரு வரி: "தை மாதம் மாமனார் தவறிவிட்டார், அந்த அலைச்சலில் நானும் பிள்ளையைச் சரியாகக் கவனிக்கவில்லை."

இனி உங்களோடு பேசுகிறேன், அம்மா.

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகள் எல்லாமே புத்தகத்தைப் பற்றியவை. எனக்குக் கண் நின்றது அந்தத் தை மாத வரியில்தான். மகளை நாள்தோறும் பள்ளி வேன் வரை கூட்டிப்போனவர் தாத்தாதான் என்று வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் போனதை ஒரு வரியில் கடந்துவிட்டு, புத்தகத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை. ஒரு சாவு வீட்டின் மருமகளுக்கு உட்கார்ந்து அழவே நேரம் கிடைக்காது என்பது தெரிந்த விஷயம்தான்.

நீங்கள் படிக்கவில்லை என்பதால் அந்தக் கண்ணாடி அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கதாநாயகன் ஹாரி பதினொரு வயதுப் பையன். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா அம்மா இருவரையும் பறிகொடுத்தவன். விடுதிப் பள்ளியில் ஒரு ராத்திரி, யாரும் புழங்காத அறை ஒன்றில் பழைய கண்ணாடி ஒன்றைப் பார்க்கிறான். அதில் அவனுக்குப் பின்னால் செத்துப்போன அப்பாவும் அம்மாவும் நின்று சிரிக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் அறையில் யாரும் இல்லை. அடுத்த நாளும் போகிறான், அதற்கடுத்த நாளும் போகிறான். மூன்றாம் ராத்திரி தலைமையாசிரியர் டம்பிள்டோர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். மனசின் ஆழத்தில் இருக்கும் ஆசையைத்தான் இந்தக் கண்ணாடி காட்டும், இதன் முன்னாலேயே காலத்தைக் கழித்து வீணாய்ப் போனவர்கள் இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லி, இனி இதைத் தேடி வராதே என்று அனுப்பிவைக்கிறார். திட்டவில்லை, தண்டிக்கவும் இல்லை.

உங்கள் மகள் பீரோ கண்ணாடியில் யாரைத் தேடுகிறாள் என்று நினைக்கிறீர்கள்? நேரில் பார்க்காமல் நான் அடித்துச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் எனக்குத் தோன்றுவது இதுதான்: புத்தகம் அவளைப் பயமுறுத்தி அங்கே நிறுத்தவில்லை. பெரியவர்கள் யாரும் அவளோடு பேசாத ஒரு விஷயத்தைப் பேசிய முதல் ஆள் அந்தப் புத்தகம். அதைப் பூட்டி வைத்தால் கண்ணாடிப் பக்கம் போவது நின்றாலும் நிற்கலாம். தேடல் நிற்காது. உங்களுக்குத் தெரியாத இடத்தில் தொடரும், அவ்வளவுதான்.

மந்திரம் பற்றி

உங்கள் மாமியாரின் பயத்தைக் கேலி செய்ய வேண்டாம். கணவரை இழந்து இன்னும் தலைத்திதிகூட வராத ஒரு பெண்மணி, பேத்தி ராத்திரியில் கண்ணாடி முன் நிற்பதைப் பார்த்தால் நடுங்காமல் என்ன செய்வார்? ஆனால் அவர் நினைக்கும் பில்லி சூனியத்துக்கும் இந்தக் கதையில் வரும் மந்திரத்துக்கும் சம்பந்தம் இல்லை. குச்சியை ஆட்டி லத்தீன் சாயலில் நாலு எழுத்து சொன்னால் இறகு மிதக்கும், அந்த வகைதான். வீட்டில் செய்து பார்க்க ஒன்றும் கிடையாது. ஒன்பது வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது கற்பனை என்று நன்றாகவே தெரியும். விளக்குமாற்றில் ஏறி மாடியிலிருந்து குதிக்க மாட்டார்கள். நான்கு, ஐந்து வயதில் அந்தக் கோடு அவ்வளவு உறுதியாக இருக்காது. அதனால்தான் வயதைக் கேட்கிறோம்.

அப்புறம், நம் பாட்டிமார் சொன்ன கதைகளையும் நினைத்துப் பாருங்கள். விக்கிரமாதித்தன் தோளில் சுமந்து வருவது பிணத்துக்குள் புகுந்த வேதாளத்தை. நல்லதங்காள் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் வீசுகிறாள். கேட்டு வளர்ந்தவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கதைகளைச் சொன்னவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முகம் மாறினால் கிணற்றை அப்படியே தாண்டிப் போனார். உங்கள் மகள் தனியாகப் படிக்கிறாள். முகம் பார்க்க ஆள் இல்லை.

வயது என்ற ஒற்றை எண்

"எத்தனை வயதுக்கு ஏற்றது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சினிமாவுக்குத் தணிக்கைச் சான்றிதழ் உண்டு. யு/ஏ பிரிவையே இப்போது 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துவிட்டார்கள். புத்தகத்துக்கு அப்படி ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. அட்டையில் போட்டிருக்கும் வயது பதிப்பாளரின் ஊகம். டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளரின் 'த ஹாபிட்' என்ற சிறுவர் நாவல் 1937இல் வெளிவருவதற்கு முன்பு, பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அந்தக் கைப்பிரதியைத் தன் பத்து வயது மகனிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். பையன், ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தான். அதாவது, தன்னைவிடச் சின்னவர்களுக்கு! வயது குறிப்பது அந்த லட்சணத்தில்தான் நடக்கிறது.

உங்கள் கணவர் செய்யும் தவறு இன்னொரு வகை. "அவளுக்குத்தான் சரளமாகப் படிக்க வருகிறதே" என்கிறார். வாசிக்கும் திறன் வேறு, வாசித்ததைத் தாங்கும் திறன் வேறு. பன்னிரண்டு வயதுக்குரிய ஆங்கிலத்தைப் படிக்கும் பிள்ளைக்கும் மனசு ஒன்பது வயது மனசுதான். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடம் இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு: "இது எனக்கு அதிகம்" என்று ஒப்புக்கொள்வதை அவர்கள் தோல்வியாக நினைப்பார்கள்.

"பயமாக இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீல் கெய்மன் என்ற ஆங்கில எழுத்தாளரின் 'கோரலைன்' 2002இல் வந்தது. அதன் கைப்பிரதியைப் படித்த அவருடைய ஏஜென்ட், இது பிள்ளைகளுக்கு ஆகாது, பயங்கரம் என்றார். உங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிப் பாருங்கள் என்றார் எழுத்தாளர். அவர்கள் பயப்படவில்லை என்று தெரிந்து புத்தகம் பிள்ளைகளுக்கானதாகவே வெளிவந்தது. பல வருடம் கழித்து அந்த ஏஜென்டின் மகள்களில் ஒருத்தி எழுத்தாளரிடமே சொன்னாள்: அன்றைக்கு நடுங்கிப் போயிருந்தேன், காட்டிக்கொண்டால் மீதிக் கதை கிடைக்காது என்று மறைத்துவிட்டேன். ஆகவே வாயைக் கேட்காதீர்கள், தூக்கத்தையும் சாப்பாட்டையும் விளையாட்டையும் பாருங்கள். கதையின் பயம் இரண்டு மூன்று ராத்திரியில் அடங்கும். வாரக்கணக்கில் நீடித்தால் அதற்கு வேறு வேர் இருக்கிறது.

பயந்துவிட்டாள் என்பதாலேயே ஒரு கதை கெட்டது ஆகிவிடாது, இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூன்றாவது புத்தகத்தில் ஒரு வகுப்பு வருகிறது. அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு ஜந்து, யார் எதிரே நிற்கிறாரோ அவர் எதற்கு அதிகம் பயப்படுவாரோ அந்த உருவமாக மாறும். அதை வேடிக்கையான கோலத்தில் நினைத்துச் சிரித்துவிட்டால் அதன் பலம் போய்விடும். என் ஆலோசனை அறையில் பிள்ளைகளிடம் பேயை வரையச் சொல்லி அதற்குக் கவுனும் கொண்டையும் போடச் சொல்வதும் இதே வேலைதான். அதே புத்தகத்தில் மனிதரின் சந்தோஷத்தை உறிஞ்சும் 'டிமென்டர்கள்' வருகிறார்கள். உங்கள் மகள் தனியாகப் படுக்காததற்கு அவர்களும் ஒரு காரணமாக இருக்கலாம். கதையில் அவர்களிடம் சிக்கி மயங்கியவனுக்கு ஆசிரியர் சாக்லேட் கொடுப்பார். இன்றைக்கு ராத்திரி ஒரு துண்டு கொடுத்து, "இது எதற்கு என்று தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்கும் இந்தக் கதை தெரியும் என்பதே அவளுக்குப் பாதி தைரியம்.

நான்காவது புத்தகம்

இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இப்போது வேண்டாம். தடை இல்லை, தள்ளிப்போடுவது.

முதல் புத்தகம் 1997இல் வந்தது, ஏழாவது 2007இல். ஹாரிக்கு முதலில் பதினொரு வயது, முடியும்போது பதினேழு. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் மட்டும் மூன்று வருட இடைவெளி. அன்றைய பிள்ளைகள் காத்திருந்து, கதாநாயகனோடு சேர்ந்து வளர்ந்து படித்தார்கள். கதையும் அதற்கேற்றபடி வருடா வருடம் இருட்டிக்கொண்டே போனது. இன்றைக்குப் பெட்டியாக வாங்குகிறோம், ஒரு கோடை விடுமுறையில் ஒன்பது வயதுப் பிள்ளை பதினேழு வயதின் கதைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஏழும் சேர்ந்து 'குழந்தைகள் நாவல்' என்று ஒரே பெயரில் விற்கிறதே தவிர, அவை ஒரே வயதுக்கானவை அல்ல.

அந்த வரிசையின் திருப்பமே நான்காவது புத்தகம்தான். பிரிட்டிஷ் பதிப்பில் முதல் புத்தகம் 223 பக்கம், இது 636 பக்கம். கடைசிப் பகுதியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் செட்ரிக் என்ற நல்ல பையன் ஒரு நொடியில், எந்தக் காரணமும் இல்லாமல் கொல்லப்படுகிறான். வில்லன் மறுபடி உடல் பெறும் சடங்கில் ஒருவன் தன் கையையே வெட்டிக்கொள்கிறான், ஹாரியின் ரத்தத்தை எடுக்கிறார்கள். பிறகு வில்லனால் இறந்தவர்களின் சாயல்கள் மந்திரக்கோலிலிருந்து எழும்பி வருகின்றன. ஹாரியின் அப்பா அம்மாவும் வந்து அவனோடு பேசுகிறார்கள். தாத்தாவைக் கண்ணாடியில் தேடும் பிள்ளைக்கு இந்தக் கடைசிக் காட்சி ரொம்பப் பக்கத்தில் வந்து விழும். வேறொரு ஒன்பது வயதுப் பிள்ளை இதைப் படித்துவிட்டுப் பரோட்டா கேட்கும். நான் சொல்வது உங்கள் பிள்ளைக்கு, இந்த வருடத்துக்கு.

பெட்டியைப் பூட்டாதீர்கள். பூட்டினால் தோழி வீட்டில் படிப்பாள், படித்ததை உங்களிடம் சொல்லவும் மாட்டாள், அதுதான் பெரிய ஆபத்து. "ஹாரிக்கு நான்காவதில் பதினான்கு வயது. உனக்குப் பதினொன்று ஆனதும் நாம் சேர்ந்து தொடங்கலாம்" என்று காரணத்தோடு ஒரு தேதி கொடுங்கள். கொடுத்த தேதியைக் காப்பாற்றுங்கள். நடுவில் தோழி முடிவைச் சொல்லிவிட்டால் ஒன்றும் கெட்டுவிடவில்லை, உங்களிடம் வந்து சொல்லும்படி வைத்துக்கொண்டாலே போதும்.

படம் காட்டுவது இதற்கு மாற்று அல்ல, இன்னும் கடுமை. எழுத்தில் படிக்கும்போது பிள்ளை தன்னால் தாங்க முடிகிற அளவுக்குத்தான் மனசில் வரைந்துகொள்ளும், வேண்டாம் என்றால் மூடி வைக்கும். திரையில் அந்த வசதி இல்லை. அமெரிக்காவில் முதல் மூன்று படங்களுக்கும் 'பிஜி' (பெற்றோர் வழிகாட்டுதல் தேவை) கொடுத்தவர்கள், நான்காவதை 'பிஜி-13'க்கு (பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் கூடுதல் எச்சரிக்கை) உயர்த்தியது காரணம் இல்லாமல் அல்ல.

பள்ளி வாங்கி வைத்தது

இந்தியாவில் இந்தப் புத்தகங்களுக்குத் தடை எதுவும் இல்லை. ஆசிரியை காதில் விழுந்தது அமெரிக்கச் சங்கதியாக இருக்க வேண்டும். அங்கே பள்ளி நூலகங்களில் இவற்றை எடுத்துவிடச் சொல்லிப் பெற்றோர் பலர் புகார் கொடுத்தார்கள். 2000 முதல் 2009 வரை அப்படி அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் இந்த வரிசைக்குத்தான் முதலிடம் என்று அமெரிக்க நூலகச் சங்கம் சொன்னது. ஆர்கன்சா மாநிலத்தில் செடார்வில் என்ற ஊரில், பெற்றோர் கையெழுத்து இருந்தால்தான் புத்தகம் தருவோம் என்று பள்ளி நிர்வாகம் விதி போட, ஒரு மாணவியின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2003இல் நீதிமன்றம் புத்தகங்களைத் திரும்பத் திறந்த அலமாரியில் வைக்கச் சொன்னது.

பாடம் நடக்கும்போது கதைப் புத்தகம் வேண்டாம், பள்ளிக்கே கொண்டுவராதே என்றெல்லாம் சொல்ல ஆசிரியைக்கு இடம் இருக்கிறது. புத்தகத்தையே வைத்துக்கொள்ள இடம் இல்லை. அது உங்கள் பொருள். ஆனால் சண்டைக்குப் போகாதீர்கள். "டீச்சர், இனி எடுத்து வர மாட்டாள், புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்று கேளுங்கள், தாத்தா இறந்ததையும் சொல்லுங்கள். வகுப்பில் மகள் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் ஏன் என்று அவருக்குத் தெரிந்திருப்பது, அந்தப் புத்தகம் திரும்பி வருவதைவிடப் பெரிய லாபம்.

முதலில் செய்ய வேண்டியது

முதல் புத்தகம் 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' என்ற பெயரில் தமிழில் வந்திருக்கிறது. முழுதும் படிக்க நேரம் இல்லையென்றால் பன்னிரண்டாவது அத்தியாயத்தை மட்டும் படியுங்கள், கண்ணாடி அதில்தான் வருகிறது. பகலில், சும்மா பூக்கட்டும் நேரம் மாதிரி ஒரு நேரத்தில், அதை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முடித்ததும் "எனக்கு அந்தக் கண்ணாடி கிடைத்தால் தாத்தா தெரிவார் என்று நினைக்கிறேன்" என்று உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். "உனக்கு யார் தெரிவார்?" என்று துருவ வேண்டாம். அவள் பேசினால் கேளுங்கள், அழுதால் அழட்டும். "அழாதே, தாத்தா சாமியாகிவிட்டார்" என்று அவசரமாக மூடிவிடாதீர்கள். மரியா நாஜி என்ற உளவியலாளர் ஹங்கேரியில் பிள்ளைகளிடம் பேசிச் செய்த ஆய்வு 1948இல் வந்தது. ஐந்து முதல் ஒன்பது வயதுக்குள் பிள்ளைகள் பலர் சாவை ஆளைத் தூக்கிப்போகும் ஒரு ஆளாக நினைக்கிறார்கள் என்று அதில் எழுதினார். பிந்திய ஆய்வுகள் இவ்வளவு கறாராக வயது வகுப்பதில்லை என்றாலும், உங்கள் மகள் இருப்பது அந்த விளிம்பில்தான். "தாத்தாவுக்கு இதயம் நின்றுவிட்டது, இனி வர மாட்டார், நீ எதுவும் செய்ததால் இல்லை" என்ற நேரான வாக்கியம் அவளுக்குக் கிடைக்க வேண்டும். இறப்புக்குக் காரணம் வேறு என்றால் அதைச் சொல்லுங்கள்.

மாமியாரையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா சின்ன வயதில் என்ன சேட்டை செய்தார் என்று சொல்ல அவரைவிட்டால் யார் இருக்கிறார்கள்? கயிறு கட்டியே ஆக வேண்டும் என்றால் கட்டட்டும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் "உன்னைப் பேய் பிடித்திருக்கிறது" என்று பிள்ளையின் காதுபட யாரும் சொல்லக் கூடாது. கணவரிடமும் போனில் ஒரு வேலை ஒப்படையுங்கள்: படிக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு, வாரம் இரண்டு நாள் அவளிடம் கதையைக் கேட்கட்டும். அவருக்கும் அப்பா போயிருக்கிறார்.

ஒரு மாதம் பாருங்கள். தூக்கம் திரும்பாவிட்டாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வந்தாலோ, மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். "நானும் தாத்தாகிட்ட போறேன்" என்று சொன்னால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பேச வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பின்குறிப்பில் யுகேஜி படிக்கும் மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அக்கா சத்தமாகப் படிக்கும்போது அவனும் வந்து உட்கார்ந்துகொள்கிறான் என்று. முதல் புத்தகத்தின் தொடக்கத்தில் ஆந்தை கடிதம் கொண்டுவருவது, ரயில், விருந்து இவற்றையெல்லாம் கேட்கட்டும், ரசிப்பான். கடைசி அத்தியாயங்களில் ஒருவனுடைய தலைக்குப் பின்னால் இன்னொரு முகம் இருக்கும், அங்கே மட்டும் அவனைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டாவது புத்தகத்துக்கு அவன் இன்னும் சில வருடம் பொறுக்க வேண்டும், அதில் குழாய்க்குள் ராட்சதப் பாம்பு ஊர்கிறது. அப்புறம் அவன் பாத்ரூம் போகவே துணைக்குக் கூப்பிடுவான்.